ஒரு நேரத்தில் ஒரு நோயாளியின் ரெக்கார்டு மட்டும்தான் திறக்க வேண்டுமா?

நிரலன்:
மருத்துவமனை ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறோம். இரண்டாவது ரெக்கார்டைத் திறந்தால் முதலாவது தானாக மூடிவிட வேண்டும் என்று நிர்வாகத்தில் கேட்கிறார்கள். ஒருவருக்கான மருந்து இன்னொருவர் பெயரில் ஏறிவிடக் கூடாதே என்ற பயம், நியாயமானதுதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியுமா? டியூட்டியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

வார்டுடாக்டர்:
பாடாய்ப் படுத்தும். ஒருவருக்கு மருந்து, பரிசோதனை ஆர்டர் பாதி எழுதும்போது லேபிலிருந்து போன் வரும், வேறொரு பெட்டில் இருப்பவருக்குப் பொட்டாசியம் 6.2, ஆபத்தான அளவு என்று. அவர் ஈசிஜியைப் பார்க்கப் போனால் இங்கே எழுதியது போய்விடும், அதனால் எல்லாரும் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ள ஆரம்பிப்பார்கள், அதில் பெயர்கூட இருக்காது, பெட் நம்பர் மட்டும்தான். தப்பு அங்கிருந்துதான் வரும்.

கதிர்வீச்சு:
இதை நியூயார்க்கில் சோதித்தே பார்த்துவிட்டார்கள், 2019-ல் ஜாமா என்ற மருத்துவ ஆய்விதழில் வந்தது. ஆர்டர் போடும் 3,356 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பிரிவுக்கு ஒரே ரெக்கார்டு, இன்னொன்றுக்கு நான்கு வரை. ஒரு நோயாளிக்குப் போட்ட ஆர்டரைப் பத்து நிமிடத்துக்குள் ரத்து செய்துவிட்டு, அடுத்த பத்து நிமிடத்துக்குள் அதே ஆர்டரை அதே ஆள் வேறொருவருக்குப் போட்டால் அதை ஆள் மாறியதாக எண்ணினார்கள். லட்சம் ஆர்டர் அமர்வுகளில் (ஒரு நோயாளிக்கு ஒரே தடவையில் போடும் ஆர்டர்கள் ஒரு அமர்வு) ஆள் மாறியவை ஒன்றே திறந்தவர்களிடம் 90.7, நான்கு வரை திறந்தவர்களிடம் 88.0. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. நான்கு திறக்கலாம் என்று விட்டவர்களும் மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஒன்றை மட்டும் திறந்து வைத்துத்தான் ஆர்டர் போட்டிருக்கிறார்கள்.

பழையபெட்டி:
விண்டோஸ் 8 நினைவிருக்கிறதா? 2012-ல் ஸ்டோர் ஆப் எல்லாம் திரை முழுக்க நிற்கும், பிடிஎஃப் திறந்தாலே டெஸ்க்டாப் காணாமல் போகும். 2015-ல் விண்டோஸ் 10 வந்து அவற்றை மறுபடி சின்ன விண்டோவுக்குள் வைத்தது. இரண்டை ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்கு இரண்டும் கண்முன் இருந்தாக வேண்டும்.

கதிர்வீச்சு:
@நிரலன் ஒரே ரெக்கார்டு என்று பூட்டுப் போடுவதற்குப் பதில் ஆர்டர் திரையின் தலையிலேயே பெயர், வயது, போட்டோவைப் பெரிதாக வையுங்கள். பாதி எழுதிய ஆர்டர் தானாக சேமிக்கப்படட்டும்.

நிரலன்:
சரி, இதையே காட்டிப் பேசுகிறேன். இரண்டு ரெக்கார்டு திறந்திருந்தாலும் ஆர்டர் எழுதும் பெட்டி ஒன்றில் மட்டும் இயங்கும்படி செய்யலாமா? மற்றது படிக்க மட்டும்.

வார்டுடாக்டர்:
அது போதும். முதலில் ஒரு வார்டில் விட்டுப் பாருங்கள், நைட் டியூட்டி ஆட்களிடம் கேளுங்கள்.