குற்றம் ரத்தத்தில் வருகிறதா?

பொன்னி கேட்கிறார்:

என் அப்பா 32 வருடம் போலீஸில் வேலை பார்த்து ஏட்டாக ஓய்வு பெற்றவர். இரவுச் சாப்பாட்டின்போது ஏதாவது பழைய வழக்கைச் சொல்வார். கடைசியில், “அது ரத்தத்திலேயே வருவது அம்மா” என்று முடிப்பார். சின்ன வயதில் அதை நான் அப்படியே நம்பினேன்.

போன வாரம் பூலான் தேவியைப் பற்றிப் பேச்சு வந்தது. உத்தரப் பிரதேசத்தில் படகோட்டும் மல்லா சாதியில் பிறந்த பெண். 11 வயதில் தன்னைவிட மிகவும் மூத்த ஒருவனுக்குக் கட்டி வைத்தார்கள். நிலத் தகராறில் சொந்தப் பெரியப்பன் மகனே எதிரியாக நின்று போலீஸில் பிடித்துக் கொடுத்தான். பிறகு கொள்ளைக்கூட்டம் தூக்கிக்கொண்டு போனது. இவ்வளவும் நடந்த பிறகுதானே அவர் கைக்குத் துப்பாக்கி வந்தது என்று கேட்டேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். “இதே கொடுமையை அனுபவித்த எத்தனையோ பெண்கள் துப்பாக்கி தூக்கவில்லையே” என்று மட்டும் சொன்னார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களில் யாராவது சொல்லுங்கள்.

நெல்லை வாசகர்:

அப்பா கேட்டது சரியான கேள்வி. 1981 பிப்ரவரி 14 அன்று பூலான் தேவியின் கூட்டத்தார் பேமாய் கிராமத்தில் 20 ஆண்களை நிறுத்திச் சுட்டார்கள். அந்த வழக்கு 43 ஆண்டுகள் இழுத்து, 2024இல் ஒரே ஒருவருக்கு ஆயுள் தண்டனையோடு முடிந்தது. அதற்குள் பூலான் தேவி சிறையிலிருந்து வந்து, 1996இல் எம்.பி. ஆகி, 2001இல் டெல்லியில் சுட்டுக் கொல்லப்பட்டும் விட்டார். தாலி அறுத்த பெண்களிடம் போய், சமூகம்தான் காரணம் என்று நம்மால் சொல்ல முடியுமா? விரலை அழுத்தியவர்கள் பொறுப்பேற்க வேண்டாமா?

மானாவாரி (ஓய்வு பெற்ற ஆசிரியர்):

பொன்னி அம்மா, நான் உசிலம்பட்டிப் பக்கத்தவன். கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஒன்றில் 29 ஆண்டுகள் வரலாறு நடத்தினேன். உங்கள் அப்பா சொல்லும் வாக்கியம் அவருடைய சொந்தக் கருத்து என்று நினைத்துக் கோபப்படாதீர்கள். அது இந்த நாட்டின் சட்டமாகவே இருந்தது. 1871இல் வந்த குற்றப் பழங்குடியினர் சட்டம். சில சாதிகளில் பிறந்தவர்களைப் பிறவிக் குற்றவாளிகளாகவே பதிவேட்டில் எழுதிய சட்டம். தச்சன் பிள்ளை தச்சனாவதுபோலத் திருடன் பிள்ளை திருடனாகத்தான் வளரும் என்று வாதாடி அதைக் கொண்டுவந்தார்கள். 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டித்தார்கள். சில ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர்களான எங்கள் தலையில் விழுந்தது. எங்கள் ஊரில் அதற்கு ரேகைச் சட்டம் என்றுதான் பெயர். கைரேகை உருட்டியதால் வந்த பெயர்.

அதற்கு முன் எங்கள் ஆட்கள் ஊர்க்காவல் பார்த்தவர்கள். காவல் கூலி நெல்லாக வரும். காணாமல் போன மாட்டை மீட்டுக் கொடுத்தால் துப்புக்கூலி. இதில் மிரட்டலும் கலந்திருந்தது, மறைக்க மாட்டேன். கூலி தராத ஊரில் மாடு தொலைவது உண்டு. ஆனால் வெள்ளைக்காரன் போலீஸைக் கொண்டுவந்து காவலைப் பிடுங்கியபோது பதிலுக்கு ஒன்றும் தரவில்லை. 1895இல் பெரியாறு அணைத் தண்ணீர் மதுரை, மேலூர்ப் பக்கம் பாய்ந்தது. எங்கள் மேட்டுக்கு அது ஏறவில்லை.

என் தாத்தா கமலை இறைத்துப் பிழைத்தவர். அவர்மேல் ஒரு வழக்கும் இருந்ததில்லை. அவருடைய தம்பி அப்படியல்ல. மாடு திருடினார், பிடிபட்டார், சிறைக்குப் போனார். இரண்டு பேர் பெயரும் ஒரே பதிவேட்டில் இருந்தன. பொழுது சாய்ந்தால் இரண்டு பேரும் சாவடியில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். தாத்தாவின் அக்காள் பக்கத்து ஊரில் இறந்தபோது சீட்டுக் கிடைக்க இரண்டு நாள் ஆனது. அவர் போய்ச் சேர்ந்தபோது குழிமேட்டைத்தான் பார்த்தார். பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் ஒன்று கேட்பாள்: “திருடினவனுக்கும் சாவடி, தண்ணீர் இறைத்தவனுக்கும் சாவடி. அப்புறம் எதற்கு இறைக்க வேண்டும்?”

அந்தக் கேள்வியை வைத்துத்தான் நான் எல்லாவற்றையும் யோசிக்கிறேன். ஒழுங்காக இருப்பவனுக்கு ஒரு மரியாதையும் கிடைக்காத இடத்தில் ஒருவன் எதைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக இருப்பான்? அப்படியும் இருந்தார்கள், பெரும்பாலானவர்கள். உங்கள் அப்பா சொல்லும் துப்பாக்கி தூக்காத பெண்களைப் போலத்தான். அவர்களுக்காவது நியாயம் கிடைத்ததா என்று அவரிடம் கேளுங்கள்.

பெருங்காமநல்லூரில் மட்டும் ரேகை வைக்க மாட்டோம் என்று ஊரே நின்றது. 1920 ஏப்ரல் 3. போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண், குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவள் என்று சொல்வார்கள். நீதிமன்றத்தில் இந்த மக்களுக்காக நின்றவர் ஜார்ஜ் ஜோசப், கேரளத்திலிருந்து மதுரைக்கு வந்த வழக்கறிஞர். கோட்டில் ரோஜா செருகியிருப்பாராம். ரோசாப்பூ துரை என்றார்கள். இங்கே பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்தது அவர் நினைவாகத்தான்.

சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் போனது. சட்டம்தான் போனது.

உப்புக்கழுதை:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். குறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்கரை உப்பைக் கழுதையிலும் மாட்டிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய், தானியத்தோடு திரும்பியவர்கள். உப்பு வரியும் ரயிலும் வந்து அந்தப் பிழைப்பு போனது. பிழைப்பில்லாமல் அலைந்தவர்களை, அலைவதே குற்றம் என்று பிடித்தார்கள்.

நெல்லை வாசகர்:

ஐயா, பிறப்பைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் உங்கள் சின்னத் தாத்தா மாடு திருடியது தப்புத்தானே?

மானாவாரி:

தப்புத்தான். அந்த மாட்டுக்காரன் அன்றைக்கு ஏர் பூட்ட முடியாமல் நின்றிருப்பான். அதற்குச் சின்னத் தாத்தா சிறையில் இருந்ததில் எனக்கு வருத்தமில்லை. பேமாயில் சுட்டவர்களுக்கும் தண்டனை காலத்தில் கிடைத்திருக்க வேண்டும். நான் கேட்பது தாத்தாவின் ரேகையைப் பற்றி. அவர் எந்த மாட்டைத் திருடினார்? 2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம், சிறை விதிகளில் இருந்த சாதிப் பாகுபாட்டை ரத்து செய்தபோது, சீர்மரபினரை, அதாவது ஒருகாலத்தில் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருந்த சாதிகளை, பிறவிக் குற்றவாளிகளாகப் பார்ப்பதையும் கண்டித்தது. சட்டம் போய் 72 ஆண்டுகளுக்குப் பிறகும் நீதிமன்றம் அதைச் சொல்ல வேண்டியிருந்தது, தம்பி.

பொன்னி:

ஐயா எழுதியதை நேற்று இரவு அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பாட்டி கேட்ட கேள்வி வந்த இடத்தில், இன்னொரு தடவை படி என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. படுக்கப் போகும்போது அவராகவே சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் ஒரே தெருவுக்குத்தான் போவார்களாம். ஒரு ராத்திரி அந்தத் தெருவில் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் அவனுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு. ஸ்டேஷன் திண்ணையில் உட்கார்ந்து விடியும்வரை அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தானாம். திருடியவன் வேறு யாரோ என்று மறுநாள் மத்தியானம் தெரிந்தது.

அவன் பெயர் என்ன என்று கேட்டேன். அப்பாவுக்கு நினைவில்லை. தெருவின் பெயர் மட்டும் நினைவிருக்கிறது.