வி.பி.என். சேருது, எடைமேடை சர்வர் மட்டும் வரல

சிப்புட் கிராணி:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்ட ஆபீஸ். மைக்ரோடிக் ரவுட்டரிலேயே வயர்கார்ட் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்கில் சேர வி.பி.என். பாதை தரும் மென்பொருள்) ஓடுது. ஆபீஸ் நெட்வொர்க் 192.168.1.0/24, வி.பி.என். 10.8.0.0/24 (/24ன்னா கடைசி எண் மட்டும் மாறும் மொத்த வரிசை). தாமான் (குடியிருப்பு) வீட்டு வைஃபையில் ரவுட்டரின் வி.பி.என். எண் 10.8.0.1 பிங் ஆகுது, அதாவது பதில் தருது. எடைமேடை சர்வர் 192.168.1.50 திறக்கல. அதே லேப்டாப் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் உடனே திறக்குது. சம்பளக் கணக்கு பி.சி. 192.168.1.60இல் உள்ள ஷேர் ஃபோல்டர் ரெண்டு வழியிலும் வரல. மாசக் கடைசி நெருங்குது, எங்கே பார்க்கணும்?

ரவுட்டர் அண்ணன்:
ஹாட்ஸ்பாட்டில் திறக்குதுன்னா சர்வர் பக்கம் குறை இல்ல தம்பி. வீட்டு ரவுட்டரும் 192.168.1 வரிசைதானே கொடுக்குது? லேப்டாப் கமாண்ட் விண்டோவில் ஐபிகான்ஃபிக் அடிச்சுப் பாருங்க, அதோட எண் தெரியும். ரெண்டு பக்கமும் ஒரே வரிசைன்னா லேப்டாப் .50ஐ வீட்டுக்குள்ளேயே தேடும், பாக்கெட் (தகவல் துண்டு) டனலுக்குள், அதாவது வி.பி.என். பாதைக்குள், நுழையாது.

இப்போதைக்கு லேப்டாப் வயர்கார்டில் அலவ்ட் ஐ.பி. (டனலுக்குள் அனுப்ப வேண்டிய எண்கள்) வரியிலிருந்து 192.168.1.0/24ஐ எடுத்துட்டு 10.8.0.0/24, 192.168.1.50/32, 192.168.1.60/32 மட்டும் போடுங்க. /32ன்னா ஒரே ஒரு எண், குறுகலான ரூட், அதுதான் ஜெயிக்கும். வீட்டில் அதே எண்ணில் பிரிண்டரோ கேமராவோ இருந்தால் டனல் திறந்திருக்கும்வரை அது எட்டாது.

நிரந்தரத் தீர்வு ஆபீஸ் வரிசையை மாத்துறதுதான், 10.47.12.0/24 மாதிரி. வீட்டு ரவுட்டர்களில் அடிக்கடி வர்ற 192.168.0, 192.168.1 ரெண்டும் வேண்டாம்.

கேபிள்காரன்:
/32 சரி. ஆனால் .60 அதில் தீராது, ஹாட்ஸ்பாட்டிலும் வரலையே. அந்த பி.சி.யில் முதலில் டீஃபால்ட் கேட்வே (வரிசைக்கு வெளியே போக வழிவிடும் ரவுட்டரின் எண்) பாருங்கள். மைக்ரோடிக்கைத் தவிர வேறு ரவுட்டரைக் காட்டினால் பதில் அந்த வழியாகப் போய்த் தொலையும். கேட்வே சரியென்றால் விண்டோஸ் ஃபயர்வால்தான். பிரைவேட் புரொஃபைலில் ஃபைல் ஷேரிங் விதி லோக்கல் சப்நெட்டை (அதே வரிசை எண்களை) மட்டுமே அனுமதிக்கும், 10.8.0.2 போன்ற வி.பி.என். எண் அதற்கு வெளியாள். இன்பவுண்ட் ரூல்ஸில் எஸ்.எம்.பி. (ஃபைல் ஷேரிங்) விதியைத் திறந்து, ஸ்கோப்பில் ரிமோட் ஐ.பி.யாக 10.8.0.0/24 சேருங்கள். ஃபைல் ஷேரிங் பயன்படுத்தும் போர்ட் டி.சி.பி. 445 அதில் அடங்கும். ஃபயர்வாலை மொத்தமாக அணைக்காதீர்கள். 445ஐ இன்டர்நெட் பக்கம் ஒருபோதும் திறந்துவிடாதீர்கள், அது சம்பளக் கணக்கு.

சிப்புட் கிராணி:
நன்றி அண்ணே, ரெண்டுமே திறந்திடுச்சு. கேட்வே சரியாத்தான் இருந்தது, ஸ்கோப்தான் காரணம். ஆனா எடைமேடைக் கருவி, சி.சி.டி.வி. ரெக்கார்டர் எல்லாத்திலும் ஐ.பி. கையால் போட்டது. வரிசையை மாத்த மேனேஜர் சம்மதிக்கல.

ரவுட்டர் அண்ணன்:
அப்போ நெட்மேப் போடுங்க, அது ஒரு வரிசை எண்களை இன்னொரு வரிசைக்கு அப்படியே மாத்தும். மைக்ரோடிக்கின் NAT (எண் மாற்றும்) பகுதியில் டிஎஸ்டி-நாட் செயின், இன் இன்டர்ஃபேஸ் வயர்கார்ட், டெஸ்டினேஷன் 10.47.12.0/24, ஆக்‌ஷன் நெட்மேப், டு அட்ரஸ் 192.168.1.0/24. அலவ்ட் ஐ.பி.யில் அந்த /32 ரெண்டையும் எடுத்துட்டு 10.47.12.0/24 சேருங்க. இனி வெளியிலிருந்து எடைமேடை 10.47.12.50, சம்பளம் 10.47.12.60. ஆபீஸுக்குள் ஒரு எண்ணும் மாறாது.

கேபிள்காரன்:
பிங் போய், பெரிய ஃபைல் மட்டும் பாதியில் தொங்கினால் எம்.டி.யு.வைப் (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு) பாருங்கள். பி.பி.பி.ஓ.இ. (யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்து இணையும் பிராட்பேண்ட்) லைனில் 1492தான். வயர்கார்ட் ஐ.பி.வி.6 மேல் போனால் 80 பைட் தின்னும், அதனால் வழக்கமான 1420 இடிக்கும். 1492இல் 80 போக 1412 வையுங்கள்.