7 மெகாஹெர்ட்ஸ் அலையியற்றியின் அதிர்வெண் நிலைகொள்ளவில்லை, உதவி தேவை

கேள்வி (காட்பாடியிலிருந்து ஒரு மாணவர்):
வணக்கம். 40 மீட்டர் அலைவரிசைக்காக பிஎஃப் 494 டிரான்சிஸ்டரைக் கொண்டு கோல்பிட்ஸ் முறையில் (ஒரு சுருளும் இரு மின்தேக்கிகளும் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் முறை) ஓர் அலையியற்றி, அதாவது ஆஸிலேட்டர், அமைத்துள்ளேன். சுருளை பிவிசி குழாய்த் துண்டின் மேல் சுற்றினேன். மின்தேக்கிகள் எல்லாம் சாதாரண செராமிக் வட்டுகள். காலையில் 7.050 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தினால், தகரக் கூரை சூடேறும் நண்பகலுக்குள் அது பல கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடுகிறது. மோர்ஸ் சாவியை அழுத்தும்போது ஒலி ‘கிய்யூ’ என்று வழுக்குகிறது. அலைக்காட்டியில் சைன் அலையின் உச்சி தட்டையாகத் தெரிகிறது. இறுதிப் பெருக்கிக்கும் இதற்கும் 12 வோல்ட் பேட்டரி ஒன்றே. டிரான்சிஸ்டரை மாற்ற வேண்டுமா?

பதில் (ராணிப்பேட்டை):
தம்பி, டிரான்சிஸ்டரை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்பவை மூன்று வெவ்வேறு கோளாறுகள். ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் எதுவும் தீராது.

முதலாவது வெப்பம். சுற்றின் மொத்த மின்தேக்கம் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே 7 மெகாஹெர்ட்ஸில் சுமார் 3.5 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். வேலூர் வெயிலில் சாதாரண செராமிக் வட்டு அதைவிடப் பல மடங்கு மாறக்கூடியது. அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் இடங்களில் வெப்பத்தால் மதிப்பு அதிகம் மாறாத என்பி0 (NP0) வகை அல்லது பாலிஸ்டைரீன் மின்தேக்கிகளை மட்டுமே போடுங்கள். என்பி0 வட்டின் தலையில் பெரும்பாலும் கருப்புப் பட்டை இருக்கும். உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் தேடுங்கள். பிவிசி சூட்டில் விரியும். அதற்குப் பதிலாக மஞ்சள் நிற டி50-6 இரும்புத்தூள் வளையத்தில் கம்பியை இறுக்கிச் சுற்றுங்கள். சிவப்பு நிற டி50-2 வளையம் வெப்பத்துக்கு அதிகம் அசையும்.

எந்த உறுப்பு நகர்த்துகிறது என்பதை அறிய, ரிசீவரில் அலையியற்றியின் துடிப்பொலியை (பீட் ஒலி) கேட்டபடி, சூடான சால்டரிங் அயர்ன் நுனியை ஒவ்வோர் உறுப்பின் அருகிலும் தொடாமல் சிறிது நேரம் பிடியுங்கள். சுருதி எங்கே ஓடுகிறதோ, அதுதான் ஆள்.

இரண்டாவது, அந்த ‘கிய்யூ’. சாவியை அழுத்தியதும் பேட்டரி மின்னழுத்தம் தாழ்கிறது, அலையியற்றியின் மேலுள்ள பளுவும் (லோடு) மாறுகிறது. அலையியற்றிக்கு 78எல்08 போன்ற தனி ரெகுலேட்டர் கொடுங்கள். அதை நிறுத்தாமல் ஓடவிட்டு, அலையியற்றியைப் பளு மாற்றத்திலிருந்து பிரித்துவைக்கும் ஒரு தாங்கல் பெருக்கிக்குப் (பஃபர்) பின்னுள்ள நிலையில் சாவியைப் போடுங்கள்.

மூன்றாவது, தட்டையான உச்சி என்பது பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதி உள்ளீட்டுக்கே திரும்புவது) மிகுந்ததன் அடையாளம். அதைக் குறைத்து, சிறு மின்தேக்கி வழியாக அலையைச் சிறிதளவே வெளியெடுங்கள்.

பதில் (குடியாத்தம்):
இவ்வளவு பாடு எதற்கு? படிகத்தை ஆதாரமாக வைத்து அதிர்வெண்ணை உண்டாக்கும் எஸ்ஐ 5351 சில்லு போட்டால் படிகத்தின் நிலைத்தன்மை கைக்கு வந்துவிடும்.

பதில் (ராணிப்பேட்டை):
நிலைத்தன்மை வரும், சைன் அலை வராது. அது தருவது சதுர அலை. ஆனால் எந்த வழியில் சென்றாலும் பெருக்கிக்குப் பின் உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் வடிகட்டி (லோ-பாஸ் ஃபில்டர்) கட்டாயம் வேண்டும். இல்லையேல் 7-இன் மடங்குகளான 14, 21 மெகாஹெர்ட்ஸிலும் உங்கள் மோர்ஸ் ஒலி கேட்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அயர்னைப் பிடித்துப் பார்த்தேன். சுருளைவிட, பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையிலுள்ள 220 பிகோஃபாரட் வட்டுதான் சுருதியை இழுக்கிறது. அதை முதலில் மாற்றுகிறேன். ஆன்டெனாவில் சோதிக்கலாமா?

பதில் (ராணிப்பேட்டை):
அமெச்சூர் வானொலி உரிமம் இல்லாமல் ஆன்டெனாவை இணைக்காதீர்கள். அதுவரை ஆன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் மின்தடையாலான போலிப் பளுவில் (டம்மி லோடு) சோதியுங்கள். கார்பன் மின்தடைகளால் அமைக்கலாம், கம்பி சுற்றியவை ஆகாது, ஏனென்றால் அவையே சுருளாக நடந்துகொள்ளும்.