கரட்டாக்கஸ், கரடோக், மெக்கார்த்தி: மூன்றும் ஒரே பெயரா?

கேள்வி:
கி.பி. 43இல் பிரித்தானியாவுக்குள் நுழைந்த ரோமானியரை எதிர்த்து நின்ற தலைவனின் பெயர் சில நூல்களில் 'கரட்டாக்கஸ்' என்றும், சிலவற்றில் 'கராக்டக்கஸ்' என்றும் வருகிறது. வேல்சு மக்களின் 'கரடோக்' என்ற ஆண்பெயரும், அயர்லாந்தின் 'மெக்கார்த்தி' என்ற குடும்பப்பெயரும் இதிலிருந்தே வந்தன என்றும், ஆகவே மெக்கார்த்திகள் அத்தலைவனின் வழியினர் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இது சரிதானா?

மறுமொழி 1:
'கரட்டாக்கஸ்' என்பதே சரியான வடிவம். மற்றதில் டகரத்துக்கு முன் நிற்கும் ககர ஒற்று, ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் நூலைப் படியெடுத்தவர்களால் புகுந்த பிழை. ஈற்றிலுள்ள '-உஸ்' இலத்தீன் விகுதி. அக்காலப் பிரித்தானியர் பேசிய கெல்டிய மொழியில் அது '-ஒஸ்' என இருந்தது. 'கர்' என்ற வேர் அன்பைக் குறிக்கும். ஐரிஷில் நண்பனுக்கு இன்றும் 'கரா' என்றே பெயர். எனவே 'அன்புக்குரியவன்' என்று பொருள் கொள்ளலாம், கி.பி. 51இல் பிடிபடும் வரை ரோமப் படைகளை அலைக்கழித்தவனுக்கு இப்படியொரு மென்மையான பெயர்!

மறுமொழி 2:
வேல்சு வடிவத்தைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். உயிர்களுக்கிடையே வந்த வல்லொலிகள் பிரித்தானிய கெல்டிய மொழியில் மெலிந்தன. கடைசி அசை உதிர்ந்தது. நெடில் ஆகாரம் 'அவ்' ஆகிப் பின் ஒகரமானது. இம்மூன்றும் சேர்ந்தே 'கரடோக்' பிறந்தது. ஆனால் ஒலி மாறிய பின்னும் பழைய வேல்சு எழுத்தர்கள் வல்லெழுத்தையே எழுதி மெலிந்த ஒலியாகப் படித்தார்கள். 'பட்டம்', 'படம்' இரண்டிலும் ஒரே டகரத்தை எழுதும் நமக்கு இது வியப்பளிக்காது. தென்மேற்கு இங்கிலாந்தில் எக்ஸ்மூர் பகுதியின் வின்ஸ்ஃபோர்டு குன்றில் நிற்கும் கல்லில் 'கரட்டாக்கஸின் வழித்தோன்றல்' என்ற பொருளில் இலத்தீன் பொறிப்பு உள்ளது. ரோமர் ஆட்சி முடிந்த பிறகும் அப்பெயர் வழங்கியதற்கு அது சான்று. ஆயினும் அந்தத் தலைவனைத்தான் அது குறிக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது.

மறுமொழி 3:
ஐரிஷில் மாற்றம் வேறு வழியில் நடந்தது. அங்கே உயிர்களுக்கிடையே வந்த வல்லொலிகள், காற்று உரசி வரும் உரசொலிகளாயின. நடு உயிர் மறைந்தது. 'கார்தஹ்' என்ற பெயர் கிடைத்தது. 1045இல் இறந்த கார்தஹ் என்ற, தெற்கு அயர்லாந்தின் மன்ஸ்டர் பகுதியைச் சேர்ந்த ஓர் அரசனின் பெயரால்தான் அவன் வழியினர் 'மக் கார்ஹி', அதாவது கார்தஹின் மகன், என்று அழைக்கப்பட்டனர். பெயர்கள் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பது உண்மை. அதை வைத்து மெக்கார்த்திகளை அப்பிரித்தானியத் தலைவனின் வம்சத்தவர் ஆக்குவது தவறு.