நீவ் என்று ஒரு பெயர்: நீங்கள் சந்தித்த நீவ்களைப் பற்றிச் சொல்லுங்கள்

அயர்லாந்தில் கொஞ்ச நாள் இருந்தவர்கள்கூட ஒரு நீவையாவது சந்தித்திருப்பீர்கள். என், ஐ, ஏ, எம், ஹெச் என்று எழுதிவிட்டு நீவ் என்று கூப்பிடுவார்களே, அந்தப் பெயர்தான். ஒளி, பிரகாசம் என்று அர்த்தம்.

எங்கள் கார்க் அலுவலகத்தில் ஒரு நீவ் இருக்கிறார். அமெரிக்கக் கிளையோடு வீடியோ மீட்டிங் வந்தால் போதும், அந்தப் பக்கம் புதிதாகச் சேர்ந்தவர் திரையில் பெயரைப் பார்த்து "நை..." என்று இழுத்து, கடைசியில் "நையாம்?" என்பார். இவர் முகம் மாறாமல் "நீவ்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். எரிச்சலே வராதா என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். "இங்கிலீஷ் விதியில் படித்தால்தான் குழப்பம். எங்கள் விதியில் படித்தால் ஒரு பிசகும் கிடையாது" என்று டிஷ்யூ பேப்பரை எடுத்து எழுதிக் காட்டினார். ஐரிஷின் பழைய அகரவரிசையில் 18 எழுத்துதான், அதில் 'வி' இல்லை. வகர ஒலி வேண்டுமென்றால் எம் அல்லது பி எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள், நம் மெய்யெழுத்துக்கு வைப்பது போல. பிறகு ரோமன் அச்சுக்கு மாறியபோது புள்ளியை எடுத்துவிட்டுப் பக்கத்தில் ஹெச் போட்டார்கள். பார்ப்பவர்கள் முழிப்பது அந்த ஹெச்சைப் பார்த்துத்தான்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

அண்ணா, நான் டாலாவில் இருக்கிறேன், டப்ளினுக்குத் தெற்கே. (இந்த ஊர்ப் பெயரின் கடைசியிலும் ஜி, ஹெச், டி மூன்றும் சும்மா நிற்கின்றன.) பக்கத்து வீட்டுப் பாட்டியின் பேத்தி ஒரு நீவ். கிளெனாஸ்மோல் பள்ளத்தாக்குக்கு எங்களை நடக்கக் கூட்டிப் போனபோது, பேத்தியின் பெயருக்குச் சொந்தக்காரியின் கதையைப் பாட்டி அங்கேயே வைத்துச் சொன்னார்.

கடல் தேவன் மனன்னானின் மகள் நீவ், பொற்கூந்தலாள். கில்லார்னி ஏரிக்கரையில் வேட்டையாடிக்கொண்டிருந்த ஒஷீன் என்ற வீரனைத் தேடி வெள்ளைக் குதிரையில் வருகிறாள். நீதான் எனக்கு வேண்டும் என்று அவளே கேட்கிறாள், குதிரையில் ஏற்றிக் கடல் தாண்டி, முதுமையே இல்லாத தீர் ந நோக் நாட்டுக்குக் கூட்டிப் போகிறாள். இரண்டு ஆண் பிள்ளைகளும் ஒரு பெண்ணும் பிறக்கிறார்கள். கொஞ்ச காலம்தான் ஆனது என்று நினைத்து ஒஷீன் ஊருக்குக் கிளம்பும்போது, "தரையில் மட்டும் கால் வைத்துவிடாதே" என்று எச்சரித்து அனுப்புகிறாள். இங்கே வந்து பார்த்தால் 300 வருடம் ஓடிவிட்டது, தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் சிலர் ஒரு பாறையைத் தூக்க முடியாமல் திணறுகிறார்கள். குதிரை மேலிருந்தபடியே குனிந்து கை கொடுக்கிறான். சேணத்தின் வார் அறுந்து கீழே விழுகிறான். விழுந்த நொடியில் தொண்டு கிழவன்!

"உதவி செய்யப் போய்த்தான் விழுந்தான், அதை மறக்காதே" என்றார் பாட்டி. கதையில் எனக்குப் பிடித்தவள் நீவ்தான். மாப்பிள்ளையைத் தேடிக் குதிரையேறி வந்த பெண் அல்லவா!

*

கால்வேயில் முதியோர் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். நான் கவனித்த ஒன்று: படுக்கையில் இருக்கும் பாட்டிகளில் நீவ் கிடையாது. மேரி, பிரிஜெட், மார்கரெட், நோரா, மறுபடியும் மேரி. பார்க்க வரும் மகள்களில்தான் நீவ் உண்டு. கதை அவ்வளவு பழசு, பெயர் மட்டும் ஏன் புதுசு என்று ஒரு நீவிடமே கேட்டேன். அவருடைய அப்பா ஐரிஷ் வாத்தியாராம். அந்தக் காலத்தில் வீட்டில் ஐரிஷ் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதிவேட்டில் ஆங்கிலப் பெயர்தான் ஏறும், சோரகா சாராவாகிவிடுவாள், ஈஃபா ஈவாவாகிவிடுவாள் என்றார். 1893இல் ஐரிஷ் மொழியை மீட்க கேலிக் லீக் என்ற சங்கம் தொடங்கி மொழி மீட்சி பிடித்துக்கொண்ட பிறகுதான் பழங்கதைப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தொட்டிலுக்கு வந்தன. 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் நீவ் சர்வசாதாரணமான பெயராகிவிட்டது.

*

அக்கா சொல்வது சரி. ஊருக்கு வந்த புதிதில் எங்கள் வாடகை வீட்டுச் சொந்தக்காரர் பெருமையாகச் சொன்னது இது: 1993இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டி கார்க் மாவட்டத்தில் மில்ஸ்ட்ரீட் என்ற சின்ன ஊரில், குதிரைப் போட்டி நடத்தும் அரங்கில் நடந்தது. ஜெயித்தது அயர்லாந்தின் நீவ் கவனா. நீவும் குதிரையும் சேர்ந்தே வருவதைக் கவனியுங்கள் :)

*

லண்டனில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். இங்கே சிலர் தொல்லை வேண்டாமென்று என், ஈ, வி, ஈ என்றே பதிவு செய்கிறார்கள். என்னோடு வேலை செய்யும் நீவ் அப்படி மாற்ற மாட்டேன் என்கிறார், காபிக் கடைக் கோப்பையில் மட்டும் விதிவிலக்கு. ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன்: நடிகை நெவ் கேம்பெல்லின் பெயரையும் இதே நாலெழுத்தில்தான் எழுதுகிறார்கள், ஆனால் அது ஐரிஷ் இல்லை. அது அவருடைய டச்சு அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர்.

*

டப்ளினில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். என் குழுவில் ஒரு நீவ்கூட இல்லை! காலையில் பிள்ளையை விட வருகிற அம்மாக்கள்தான் நீவ்கள். பிள்ளைகளுக்கு ஃபீயா என்று பெயர் வைக்கிறார்கள். காட்டுத்தனம், மான் என்ற பொருளெல்லாம் அதில் இருக்கிறது. 2021இல் நாடு முழுக்கப் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் அதுதான். கடைசியில் டி, ஹெச் இரண்டும் பேசாமல் நிற்கும். கலப்புத் தற்காப்புக் கலை (எம்எம்ஏ) வீரர் கானர் மெக்ரெகர் தன் மகளுக்கு வைத்த பிறகு க்ரீயாவும் காதில் விழ ஆரம்பித்துவிட்டது.

ஒரு நீவ் அம்மாவிடம், உங்கள் பெயரையே மகளுக்கும் வைத்திருக்கலாமே என்றேன். "எங்கள் வகுப்பில் மட்டும் நாங்கள் நாலு பேர். டீச்சர் கூப்பிட்டால் நாலு பேரும் எழுந்து நிற்போம், போதும்ப்பா" என்று சிரித்தார். அவருடைய மகள் ஃபீயா. அதே குழுவில் இன்னும் இரண்டு ஃபீயா இருக்கிறார்கள் என்பதை அவரிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை.