அப்பா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைகூடப் பேசுவதில்லை. என்ன செய்யலாம்?

பொன்மலை_மகன்
செவ்வாய், இரவு 10.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 73 வயது. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில், பாய்லர் ஷாப்பில் ஃபிட்டராக இருந்தார். 39 வருட சர்வீஸ், 2012-ல் ஓய்வு. ஊட்டி மலை ரயிலுக்குப் புதிதாக நீராவி எஞ்சின் பொன்மலையில் செய்தார்களே, அதில் அப்பாவும் கை வைத்திருக்கிறார். தாத்தாவும் அதே பணிமனைதான். ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்தாலும் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டார்கள். பணிமனைச் சங்கு காதில் விழாத இடத்தில் அப்பா வாழ்ந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தை, சாயங்காலம் ஜி கார்னர் மைதானத்தில் பழைய ஷாப் ஆட்கள் ஐந்தாறு பேர். கடைக்குப் போனால் போகிற வழியில் நான்கு பேர், வருகிற வழியில் நான்கு பேர் நிறுத்திப் பேசுவார்கள். அம்மா தீப்பெட்டி வாங்கி வரச் சொன்னால் ஒரு மணி நேரம் ஆகும்.

அம்மா இரண்டு வருடத்துக்கு முன்னால் தவறிவிட்டார். தனியாக விட மனம் வராமல் சென்னை மேடவாக்கத்துக்குக் கூட்டி வந்துவிட்டேன். ஒன்பதாவது மாடி. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், மகள் பத்தாம் வகுப்பு. காலை எட்டரைக்குக் கதவைச் சாத்தினால் மாலை ஐந்து வரை அப்பாவுக்கு யாரும் இல்லை. பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் வந்த பிறகும் கேட்டதற்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பகலில் தூங்குகிறார், ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். மாத்திரை சாப்பிட்டும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, "பேச்சுத் துணைக்கு யார் இருக்காங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. பெரிய டிவி, நல்ல போன், எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். பால், காய்கறி, மாத்திரை எல்லாம் வாசலுக்கே வருகிற மாதிரி ஏற்பாடு செய்தேன். நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டுமே, அதையும் போனிலேயே முகத்தைக் காட்டி முடித்துவிட்டேன். எங்கள் குடியிருப்பில் மூத்த குடிமக்கள் குழு ஒன்று இருக்கிறது. கையோடு அழைத்துப் போய் எல்லோருக்கும் அறிமுகம் செய்து வைத்தேன். அரை மணி நேரத்தில் மேலே வந்துவிட்டார். "அவங்கல்லாம் பெரிய ஆளுங்கப்பா" என்றார். மறுபடி போகவில்லை.

இந்த வயதில் ஒருவருக்குப் புதிதாக ஒரு ஊரை எப்படி உண்டாக்கிக் கொடுப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தாம்பரம்_செவிலி
புதன், காலை 6.15

அண்ணா, நான் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற செவிலியர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து ரத்த அழுத்த மாத்திரையோடு எத்தனையோ வீட்டுப் படி ஏறியிருக்கிறேன். அளவு பார்த்து மாத்திரை கொடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் தனியாக இருக்கிற பெரியவர்கள் விடமாட்டார்கள். மோர் கொண்டுவருவார்கள், பேரன் போட்டோவை எடுத்துக் காட்டுவார்கள். முதலில் பார்த்த அளவு, கால் மணி நேரம் பேசிய பிறகு பார்த்தால் சில பேருக்குக் குறைந்திருக்கும். உங்கள் டாக்டர் கேட்டது சரியான கேள்வி.

இது மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்கிற அமெரிக்கப் பேராசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2010-ல் 148 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மொத்தம் மூன்று லட்சம் பேருக்கு மேல். நல்ல உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதல் என்று வந்தது. 2025-ல் உலக சுகாதார நிறுவனம் விட்ட அறிக்கை, உலகத்தில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது, வருடத்துக்கு சுமார் 8,71,000 சாவுகளுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது என்கிறது. தனியாக இருக்கிறவருக்குத் தூக்கம் கெடும், மாத்திரை மறக்கும், நடை குறையும், சமைக்கத் தோன்றாது. ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகும்.

இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். அப்பாவின் காதைச் சோதித்தீர்களா? பாய்லர் ஷாப் என்கிறீர்கள். 39 வருடம் இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தத்தில் நின்றவர். அந்த மாதிரி கெட்ட காதுக்குச் சத்தம் கேட்கும், வார்த்தை பிரியாது. ஒருவரோடு நேருக்கு நேர் பேசினால் சமாளிப்பார்கள். பத்துப் பேர் கூடிப் பேசுகிற இடத்தில் எல்லாம் இரைச்சலாகிவிடும். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்க வெட்கப்பட்டு எழுந்து வந்துவிடுவார்கள். குழுவிலிருந்து அரை மணியில் வந்தார் என்று படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். ரயில்வே ஓய்வூதியர் மருத்துவ அட்டை இருந்தால் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையிலேயே காது பரிசோதனை செய்துவிடலாம்.

ஜிம்பாப்வேயில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் தொடங்கியது. சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்சு, அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. மனம் சரியில்லாதவர் வந்து உட்கார்ந்து அந்தப் பாட்டியிடம் பேசலாம். அதனால் மனச்சோர்வு குறைகிறது என்று 2016-ல் ஆய்விலும் காட்டினார்கள். அவர்கள் மொழியில் அந்த நோய்க்குப் பெயரே 'அதிகமாக யோசிப்பது'தானாம். நம் வீடுகளிலும் அப்படித்தானே சொல்கிறோம், "யோசனை ஜாஸ்தியா இருக்கு" என்று. ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் உட்கார்ந்திருப்பவரிடம் என்றைக்காவது பக்கத்தில் உட்கார்ந்து, "என்னப்பா யோசிக்கிறீங்க?" என்று கேளுங்கள்.

சாப்பாட்டை ஒதுக்கினாலோ, இருந்து என்ன பயன் என்கிற மாதிரி பேசினாலோ காத்திருக்க வேண்டாம், மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

சிவன்பார்க்_தாத்தா
புதன், மதியம் 1.05

தம்பி, நான் தபால் துறையில் இருந்து ரிட்டயர் ஆனவன், கே.கே. நகர்வாசி. உங்கள் அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவன். மனதில் பட்டதைச் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள்.

பாலை வாசலுக்கு வரவழைத்தீர்கள். காயை வரவழைத்தீர்கள். மாத்திரையை வரவழைத்தீர்கள். பொன்மலையில் அந்தச் சான்று கொடுக்கும் நாள் எப்படி இருந்திருக்கும் தெரியுமா? சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, பேங்க் போய், பழைய கூட்டாளிகள் யார் இருக்கிறார்கள் யார் போய்விட்டார்கள் என்று விசாரித்து, டீ குடித்து, வீட்டுக்கு வர மதியம் ஆகியிருக்கும். நீங்கள் அதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டீர்கள். பாசத்தில்தான் செய்தீர்கள், எனக்குத் தெரியும். என் மகனும் இதையேதான் செய்தான். ஆனால் ஒரு மனிதன் படியிறங்க என்னென்ன காரணம் உண்டோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ஏன் இறங்க மாட்டேன் என்கிறார் என்று கேட்கிறீர்கள்.

என் மனைவி போன பிறகு எட்டு மாதம் நானும் வெளியே போகவில்லை. அப்புறம் மகள் வற்புறுத்தி சிவன் பார்க்கில் நடக்க ஆரம்பித்தேன். இரண்டு மாதம் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததுதான், யாரோடும் பேசவில்லை. ஒரு நாள் அங்கே வழக்கமாக உட்காரும் ஒருவர், கண் ஆபரேஷன் செய்துகொண்டு கறுப்புக் கண்ணாடியோடு வந்திருந்தார். கையில் பேப்பர், படிக்கக் கூடாது. நான் கேட்காமலே என்னிடம் நீட்டி, "சார், தலைப்பு மட்டும் வாசிங்க" என்றார். வாசித்தேன். மறுநாள் ஐந்தே முக்காலுக்கு எனக்காகக் காத்திருந்தார். தபாலாபீசில் 36 வருடம் மணியார்டர் பாரத்தை எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியவன் நான். அந்தக் குரல் எனக்குள் இன்னும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் கண் சரியாகி ஆறு வருடம் ஆயிற்று. இன்றும் நான்தான் வாசிக்கிறேன். இப்போது ஏழு பேர் கேட்கிறார்கள்.

போன மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. ஏழே காலுக்கு வாசலில் இரண்டு பேர், ஒருவர் கையில் பேப்பர், இன்னொருவர் கையில் பிளாஸ்க். "ஏன் வரலை?" என்று என்னைக் கேட்க இந்த ஊரில் இரண்டு பேர் இருக்கிறார்கள் தம்பி. அதற்கப்புறம் எனக்கு இந்த ஊர் பயமில்லை.

அதனால் அறிமுகம் செய்துவைக்கும் வேலை வேண்டாம். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். நாளையிலிருந்து வீட்டுக்கு வரும் பாலை நிறுத்துங்கள். ஆவின் பூத்துக்கு அவர் போகட்டும், தினமும், ஒரே நேரத்துக்கு. கூடப் போகாதீர்கள். மகன் பக்கத்தில் நின்றால் அப்பாக்கள் பேசமாட்டார்கள். இன்னொன்று, ஃபிட்டர் கை சும்மா இருக்காது. அவருடைய டூல்ஸ் எங்கே? பொன்மலையிலேயே விட்டுவிட்டு வந்தீர்களா?

கீரைக்கட்டு_63
வியாழன், இரவு 9.20

தம்பி, கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். ஐயா சொன்னது அத்தனையும் ஆண்களுக்குச் சரி. பார்க்கில் பெஞ்சு, டீக்கடை எல்லாம் அவர்களுக்கு உண்டு. என் வீட்டுக்காரர் போனதும் சீமந்தம், வளைகாப்பு என்று அழைக்க வந்தவர்கள் என் வீட்டைத் தாண்டிப் போனார்கள். சொந்தக்காரர்கள்தான். உறவு, ஊர் என்று பேசும்போது அது யாரை வெளியே நிறுத்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும். உங்கள் அப்பா "பெரிய ஆளுங்க" என்றாரே, அந்த வார்த்தையைத் தள்ளிவிடாதீர்கள். அவர் எதையோ கண்டுதான் சொல்லியிருப்பார்.

எனக்குக் கைகொடுத்தது பழைய உறவு. பொள்ளாச்சியில் என் சித்தி மகள் இருக்கிறாள், அவளும் தனி. சாயங்காலம் ஆறரைக்கு நான் கூப்பிடுவேன், இல்லை அவள் கூப்பிடுவாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இரண்டு பேரும் கீரை ஆய்வோம். அவள் வீட்டில் அரைக்கீரை, எனக்கு முருங்கை. ஐந்து நிமிடம் பேச்சே இருக்காது, தண்டு ஒடிகிற சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் "இன்னிக்கு என்ன பூச்சி இவ்வளவு" என்பாள். நான்கு வருடமாக ஒரு நாள் விட்டதில்லை. விசாரிப்பதற்காக மட்டும் கூப்பிட்டால் "சாப்பிட்டியா, நல்லா இருக்கியா" என்பதோடு முடிந்துவிடுகிறது. கையில் வேலை இருந்தால் பேச்சு தானாக வருகிறது.

ஜி கார்னர் ஆட்கள் யாராவது இருப்பார்கள் அல்லவா? அவரை மாதத்துக்கு ஒரு தடவை நாலைந்து நாள் பொன்மலைக்கு அனுப்புங்கள். பல்லவன் ரயிலில் ஏற்றிவிட்டால் ராத்திரி திருச்சி. புது ஊர் உண்டாகும்போது உண்டாகட்டும், பழையதைப் பிடுங்காதீர்கள்.

பொன்மலை_மகன்
ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

காதுதான் முதலில். செவிலி அக்கா சொன்னது சரி. இரண்டு காதிலும் கேட்கும் திறன் நன்றாகவே குறைந்திருக்கிறது. பரிசோதித்தவர் அப்பாவின் வேலையைக் கேட்டதுமே தலையாட்டினார். இரண்டு வருடமாக மேஜையில் உட்கார்ந்து டிவியையும் போட்டுவிட்டு அவரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். அவருக்குப் பாதி விழவே இல்லை. இப்போது கருவி போட்டிருக்கிறார். முதல் வாரம் கழற்றிக் கழற்றி வைத்தார். சாப்பிடும்போது நாங்கள் டிவியை அணைத்துவிடுகிறோம். மகள், தாத்தாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்துதான் பேசுகிறாள்.

பாலை நிறுத்தினேன். முதல் ஒரு வாரம் போனார், பாக்கெட்டோடு வந்தார், அவ்வளவுதான். எனக்கு நம்பிக்கை இல்லை. அப்புறம் பொன்மலை வீட்டிலிருந்து டூல் பெட்டியைக் கொண்டுவந்தேன். அரம், சின்ன வைஸ், அவரே கடைந்து செய்த பஞ்ச்கள். பெட்டியைத் திறந்ததும் எண்ணெய் வாடை வீடு முழுக்க வந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துப் பேப்பரில் அடுக்கினார். ஒன்றும் பேசவில்லை, ஆனால் அன்றைக்கு மதியம் தூங்கவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்கள்.

எங்கள் தெருமுனையில் புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி போடுகிற ஒருவர் இருக்கிறார். கரிப்பெட்டிதான், பித்தளை. மூடியின் கீல் தேய்ந்து, திறக்கும்போதெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து தணல் சிதறுமாம். பால் வாங்கப் போகும்போது அப்பா அதைப் பார்த்திருக்கிறார். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, "பெட்டி ஆறினதும் குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்துவிட்டார். பால்கனியில் வைஸில் மாட்டி, பழைய போல்ட் ஒன்றை இரண்டு மணி நேரம் அரத்தால் ராவி, கீலுக்கு ஒரு புது ஆணி செய்தார். ஒரு தடவை ராவுவார், விரல் நுனியால் தடவிப் பார்ப்பார், துளையில் விட்டுப் பார்ப்பார், மறுபடி ராவுவார். அன்றைக்கு எனக்கு விடுமுறை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த ஆணி உள்ளே போனபோது சத்தமே வரவில்லை. மூடி ஒரே விரலில் திறந்தது. "நூல் அளவுகூட ஆட்டமில்ல" என்றார். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் நான் கேட்காமல் அவராகச் சொன்ன வார்த்தை அது.

இப்போது பத்து மணிக்கு அந்த மரத்தடியில் ஒரு ஸ்டூல் அவருக்கு. வாட்ச்மேன் சைக்கிள், பூக்காரம்மாவின் தராசு, இப்படி ஏதாவது ஒன்று வந்துகொண்டிருக்கிறது. காசு வாங்குவதில்லை, டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்கிறார். மூத்த குடிமக்கள் குழு பக்கம் இன்னும் போகவில்லை, நானும் கேட்பதில்லை. ரத்த அழுத்தம் போன தடவை பார்த்தபோது கொஞ்சம் இறங்கியிருந்தது. ராத்திரி விழிப்பு இன்னும் சில நாள் இருக்கிறது. நானும் எழுந்து போய் உட்கார்ந்துகொள்கிறேன். ஒரு நாள் கேட்டேன். "உங்கம்மா மாத்திரை போட்டாளான்னு பாக்க எந்திரிச்சிருவேன், அதே பழக்கம்" என்றார்.

கீரைக்கட்டு அக்காவுக்கு: புதன்கிழமை பொன்மலைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன், ஐந்து நாள். டிக்கெட்டைக் காட்டலாம் என்று நேற்றுச் சாயங்காலம் கீழே இறங்கும்போது இஸ்திரிக்காரர் என்னை நிறுத்தி, "சார் அஞ்சு நாள் ஊர்ல இல்லையாமே, திங்கக்கிழமை வந்துருவாருல்ல?" என்று கேட்டார்.