புதுப்பிப்பு: பழைய கமெண்ட்களை நீக்கியாச்சு, ஒன்றைத் தவிர

லினக்ஸின் பழைய ஃபைல்சிஸ்டமான (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) எக்ஸ்ட்2-வை நகலெடுத்து நாங்கள் வளர்க்கும் ஃபைல்சிஸ்டத்தில், 'பெரிய கெர்னல் லாக்' (கெர்னல் முழுக்குமான ஒரே பூட்டு) பற்றிய கமெண்ட்களை, அதாவது கோடுக்குள் எழுதிய குறிப்புகளை, எடுத்துவிடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். எடுத்துவிட்டேன். அந்த லாக்கே 2011-இல், லினக்ஸ் 2.6.39-இல் ஒழிந்துவிட்டது. 1964 புயல் தண்டவாளத்தைக் கொண்டுபோன பிறகும் 'தனுஷ்கோடிக்கு ரயில் உண்டு' என்று மண்டபத்தில் பலகை மாட்டி வைத்த கதைதான்.

கமெண்ட்தானே, பைனரி மாறாது என்று நம்பி, கம்பைல் ஆகி வரும் ஆப்ஜெக்ட் ஃபைல்களை முன்னும் பின்னும் ஒப்பிட்டேன். மாறியிருந்தது! அரை நாள் மண்டை காய்ந்தது. அப்புறம்தான் உறைத்தது: ஏதாவது தப்பானால் எச்சரிக்கை காட்டும் வார்ன்_ஆன் மேக்ரோ, தான் இருக்கும் வரி எண்ணையும் சேர்த்துப் பதிக்கிறது. மேலே நாலு வரி போனால் கீழே எண் நகரும். பிழை தேட உதவும் டீபக் தகவலும் அப்படியே. டிஸ்அசெம்பிள் செய்து (பைனரியைப் படிக்கக்கூடிய கட்டளைகளாக மாற்றி) பார்த்தேன், கட்டளைகள் அதேதான்.

ஒரு சறுக்கல். ஐநோட் (ஒரு ஃபைலின் விவரப் பதிவு) லாக்குகளைப் பிடிக்கும் வரிசையைச் சொன்ன கமெண்டையும் அழித்திருந்தேன், அதில் ஐ_மியூட்டெக்ஸ் என்று அந்த லாக்கின் பழைய பெயர் இருந்ததால். பாம்பன் தம்பி ஒருவன், "அண்ணே, பேருதான் பழசு, விதி இன்னும் உசிரோட இருக்கு" என்றான். சரிதான். லினக்ஸ் 4.7-இல் அது ஐ_ஆர்டபிள்யூசெம் ஆனது, அவ்வளவே. பெயரை மட்டும் திருத்தித் திரும்ப வைத்துவிட்டேன். கரண்ட் இருந்தால் இன்றிரவே பேட்ச் போகும்.